மூங்கிலில் செய்த சிறை

கிடர்பூரில் கப்பலேறும் சரக்குகளுக்குப் பெட்டி செய்தேன். ஹவுராவில் ஒரு பட்டறைக்குக் கூரை போட்டேன். அந்த வருஷம் அடித்த புயலில் சுற்றுவட்டாரத் தகரமெல்லாம் பறந்து ஆற்றில் விழுந்தது, என் கூரையில் ஓர் ஆணி அசையவில்லை. டாலிகஞ்சில் டாக்கி என்ற பேசும் படம் எடுக்கும் கொட்டகைகளில் சாக்கும் தட்டியும் சுண்ணாம்பும் வைத்து ஒன்பதே நாளில் ஒரு கோபுரம் எழுப்பினேன். மதராஸிலிருந்து வந்த நடிகர் ஒருவர் அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். லேக் மார்க்கெட்டைச் சுற்றி நம்மவர் வீடுகளில் இருக்கும் கொலுப்படிகளில் பாதி என் கை இழைத்தவை. நம் சபாவின் மேடை, வருகிறவர்களெல்லாம் ஏறி நின்று மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்களே, அதே மேடை, நான் போட்டது.

இதையெல்லாம் செய்தவன் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். தூத்துக்குடியில் கப்பலேறி இங்கே வந்து இறங்கியபோது கையில் ஓர் இழைப்புளியும் இரண்டு உளியும்தான் இருந்தன. கடுகெண்ணெய் வாடை பிடிக்காமல் முதல் மாதம் முழுக்கப் பொரியும் வாழைப்பழமும் தின்று கிடந்தேன். வங்காளி பேச ஆறு மாதம் ஆனது, இந்துஸ்தானிக்கு மூன்று மாதம், துரையிடம் தப்பில்லாமல் ‘எஸ் சார்’ சொல்ல ஒரே நாள்.

இந்த வரிசையில் இன்னும் ஒன்று உண்டு. ஒரு சிறைக் கதவு. அதைப் பற்றித்தான் இப்போது எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

போன மாதம் சபாவின் காரியதரிசி வீட்டுக்கு வந்தார். வங்கியில் பெரிய உத்தியோகம் பார்ப்பவர். தரையில் கிடந்த மரச்சீவலை மிதிக்காமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“பெரியவரே, நம்ம ஆண்டு விழாவுல அந்தப் பழைய படத்தைப் போடப் போறோம். பிரிண்ட் ஒண்ணு அகப்பட்டிருக்கு. நீங்க செட் போட்டதைப் பத்தி மலருக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்கோ. கொஞ்சம் தமாஷா இருக்கட்டும்.”

“அதுல என் பேரே வராதே சார்.”

“அதுக்கும் வழி பண்ணியாச்சு. படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஸ்லைடு. ‘சிறைக் காட்சி அமைப்பு’ன்னு போட்டு உங்க பேர். போறுமா? இனிமே எங்களைத் திட்ட மாட்டேளே?”

நான் திட்டித் திரிந்தது உண்மைதான். காகிதத்தில் பென்சிலால் நாலு கோடு இழுத்த ஓவியரின் பெயர் திரையில் வந்தது. மூக்கில் சுண்ணாம்பு ஏறி இருமிக்கொண்டு அதைக் கட்டியவன் பெயர் வரவில்லை. இத்தனை வருஷமாக, பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிப் புலம்பியிருக்கிறேன். ஆகவே காரியதரிசி சொன்னதற்கு நான் துள்ளியிருக்க வேண்டும். துள்ளவில்லை.

காரணம், அந்தக் காட்சியில் என் வேலை கதவோடு நிற்கவில்லை.

படம் ஒரு தலைவரின் கதை. வெள்ளைக்காரத் தணிக்கைக்குப் பயந்து ஊரையும் பேரையும் மாற்றியிருந்தார்கள். கப்பல் கம்பெனி ஒரு ஜமீனாக ஆகிவிட்டது, துறைமுகம் ஒரு சந்தை ஊராக ஆகிவிட்டது. ஆனால் கதாநாயகன் ஒரு பக்கம் சாய்த்துக் கட்டிய தலைப்பாகையோடு வந்து நின்றதுமே கொட்டகையில் எல்லாருக்கும் ஆள் யாரென்று தெரிந்துபோகும். நான் பெயர் எழுதவில்லை. கிடர்பூரில் நம் பக்கத்துக் கூலிகளையும் தெலுங்கர்களையும் சேர்த்து வேலைநிறுத்தம் நடத்தினவர் என்று சொன்னால் போதும். முதல் உலகச் சண்டை முடிந்த கையோடு நடந்தது அது. அவரைப் பாதி ஜனம் சாமி என்றது, மீதி ஜனம் விலைபோனவர் என்றது. ஏனென்றால் சிறைக்குப் போன சில மாதங்களிலேயே, இனி எந்தத் தொழிலாளர் விவகாரத்திலும் தலையிடுவதில்லை என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். அவர் வந்த வாரமே வேலைநிறுத்தம் உடைந்தது.

அவரை வெறுக்க மனசில்லாதவர்கள் வேறொரு கதையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் வெளியே வருவதற்கு முந்தின நாள் அவருடைய சம்சாரம் சிறைக்குப் போய்ப் பார்த்திருந்தார். அந்த அம்மாள்தான் அழுது கையெழுத்து வாங்கிவிட்டாள் என்று பேச்சுக் கிளம்பியது.

அந்த அம்மாளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே பக்கத்துக்காரர்கள். வேலைநிறுத்தத்தின்போது அடுப்பெரியாத வீடுகளுக்கெல்லாம் அவர்கள் வீட்டிலிருந்துதான் கஞ்சி போகும். பொரி தின்று கிடந்த எனக்கு முதலில் சோறு போட்டதும் அந்தக் கைதான். அக்காவுக்கு வங்காளி வராது. எங்கே போனாலும் பேச நான் கூடப் போவேன். அன்றைக்குச் சிறைக்கும் நான்தான் போனேன். அந்தக் கதவின் முன்னால் நடந்ததைப் பார்த்தவர்களில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அக்கா ஒரு தூக்குச்சட்டியில் மோர்ச்சாதம் பிசைந்து, கட்டம் போட்ட துண்டால் முடிச்சுப் போட்டு எடுத்து வந்திருந்தார். காவல்காரனிடம் நான் கெஞ்சிப் பேசி, கம்பிக் கதவு வரைக்கும் விட்டார்கள். தலைவர் உள்ளே இருந்து வந்தார். தலைப்பாகை இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். ஆள் பாதியாக இருந்தார், நெஞ்சில் இழுப்புச் சத்தம் கேட்டது.

அக்கா சட்டியைக் கீழே வைத்துவிட்டு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“காயிதம் நீட்டுதாகளாமே, நிசந்தானா?”

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

“போடாதிய. நான் எப்படியும் இருந்துக்கிடுதேன். எனக்காவப் பாக்காதிய. வெளிய அத்தனை குடும்பம் உங்க வாயைப் பாத்துட்டு நிக்கி. கேக்குதா? போடாதிய.”

அவர் தரையைப் பார்த்தார். பிறகு, ரொம்ப மெதுவாக, “போட்டாச்சு” என்றார்.

அக்கா அழவில்லை. கம்பியை விட்டார். சட்டியைக் காவல்காரனிடம் கொடுக்கும்படி எனக்குக் கையைக் காட்டினார். வெளியே வந்து தெருக்குழாயில் கையைக் கழுவினார். உள்ளங்கை முழுக்கத் துருக் கோடுகள். தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை. கழுவிக்கொண்டே சொன்னார்:

“தம்பி, இங்க பாத்ததை வெளிய சொல்லிராத. அவுக மொகம் போயிரும். என்னைச் சொல்லுதவன் சொல்லிட்டுப் போட்டும்.”

நான் சரி என்றேன். அந்த வாக்கைப் பல வருஷம் காப்பாற்றினேன், அதில் பெருமையும் பட்டுக்கொண்டேன். தலைவர் வெளியே வந்து மூன்று நான்கு வருஷம் யாரும் எட்டிப் பார்க்காமல் இருமிக் கிடந்து செத்துப் போனார். அக்கா கிடர்பூரை விட்டு லேக் மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன அறை எடுத்து, நம்மவர் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பும் தையலும் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். இங்கே பிறந்த பிள்ளைகள் வங்காளிதான் நன்றாகப் பேசும். அதனால் அக்காவை விரும்பிக் கூப்பிட்டார்கள். பழைய பேச்சும் அடங்கிவிட்டிருந்தது.

அப்போதுதான் டாக்கி வந்தது. மதராஸில் சரியான படப்பிடிப்புக் கொட்டகைகள் வரும் முன்னால் தமிழ்ப் படங்களை இங்கேதான் வந்து எடுத்தார்கள். மெயில் ரயிலில் வந்து ஹவுராவில் இறங்குவார்கள். சமையல்காரர், புளிச்சட்டி, ஆர்மோனியப் பெட்டி எல்லாம் பின்னால் வரும். டைரக்டர் வங்காளி, காமிராக்காரர் வங்காளி, அவர்கள் யாருக்கும் தமிழில் ஒரு சொல் தெரியாது. இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த தச்சன் நான் ஒருவன். ஆகவே ஆணி அடிக்க வந்த என்னைத் துணைக்கு வைத்துப் பேசினார்கள். நான் இல்லாவிட்டால் அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களில் பாதி ஊமைப் படங்களாக வந்திருக்கும்.

தலைவர் கதையை எடுக்க முன்வந்தவர் தெற்கிலிருந்து வந்த ஒரு நூல் வியாபாரி. தலைவர் படத்தைப் பூசையறையில் வைத்துக் கும்பிடுகிறவர். கதை பேச உட்கார்ந்தார்கள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். ஸ்டூடியோவில் நான் எத்தனையோ நாற்காலி செய்து போட்டிருக்கிறேன், அன்றுதான் ஒன்றில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

“அந்தச் சிறை எனக்குத் தெரியும். கம்பிக்கு முன்னால நின்னவன் நான்” என்று வங்காளியில் எடுத்துவிட்டேன்.

டைரக்டர் பாபு சிகரெட்டைக் கீழே வைத்தார். “ஆரே மிஸ்திரி! நீ அங்க இருந்தியா? அப்ப நீயே சொல்லு. அந்த ஆளு ஏன் கையெழுத்துப் போட்டான்?”

நூல் வியாபாரிக்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் முகம் இறுகியது. “தலைவர் தானா போட்டார்னு மட்டும் வரப்படாது. அப்படி வந்தா எனக்குப் படமே வேண்டாம்” என்றார். அதையும் மொழிபெயர்த்தேன்.

பாபு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “பொண்டாட்டி வந்தாளே, என்ன செஞ்சா? நான் கேக்கறது ஒண்ணுதான். சண்டை இருக்கு, கூட்டம் இருக்கு, பேச்சு இருக்கு. கான்னா சாயி, மிஸ்திரி. கான்னா சாயி.”

அழுகை வேண்டும் என்கிறார். அந்த அம்மாள் வந்து போடாதே என்று சொன்னாள், அவர் போட்டாச்சு என்றார் என்று நான் சொன்னால் வியாபாரி எழுந்து போவார். அல்லது சிறைக் காட்சியை வெட்டுவார்கள். சிறைக் கதவுக்கு நான் அளவெடுத்து, மூங்கில் வாங்கி அடுக்கியாகிவிட்டது. அப்படி ஒரு கதவு எந்தப் படத்திலும் வந்ததில்லை என்று ஸ்டூடியோ முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

“அழுதாக” என்றேன். “ரொம்ப அழுதாக.”

அவ்வளவுதான். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அக்கா என்னிடம் வாயை மூடு என்றுதான் கேட்டுக்கொண்டார். திறந்து பொய்யைப் போடு என்று கேட்கவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்கும் தெரியும்.

நல்லது, நல்லது என்று பாபு என் முதுகில் தட்டினார். “பாலோ, பாலோ! இன்னும் சொல்லு. என்ன கொண்டு வந்தா?”

தூக்குச்சட்டி என்றேன். கட்டம் போட்ட துண்டு என்றேன். மோர்ச்சாதம் என்றேன். காவல்காரன் நின்ற பக்கம், வெளிச்சம் விழுந்த பக்கம், எல்லாம் சொன்னேன். பொய்யைச் சுற்றிலும் நிஜத்தை வைத்து அடைத்தேன். மரத்தில் வெடிப்பு இருந்தால் அதே மரத்தின் சீவலை வைத்துத்தான் அடைப்போம். அப்போதுதான் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது கதவைப் பற்றிச் சொல்கிறேன், கேட்டது அதுதானே. கம்பியெல்லாம் மூங்கில். கணுவை இழைத்து, விளக்குக் கரியும் வஜ்ஜிரப் பசையும் கலந்து பூசி, மேலே ஈயப்பொடி தேய்த்தேன். அங்கங்கே செங்கல் தூளால் துரு. சுவருக்குப் பின்னால் ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் குந்தியிருக்க ஒரு பொந்து விட்டேன். அந்தக் காலத்தில் பாட்டை நடிக்கும்போதே பாட வேண்டும், வாத்தியம் காமிராவுக்குத் தெரியாமல் எங்காவது ஒளிந்திருக்க வேண்டும். பாபு வந்து கதவைப் பார்த்துவிட்டுக் கம்பியில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். டொக்கென்று மரச் சத்தம் வந்த பிறகுதான் நம்பினார்.

சம்சாரமாக நடித்தது நாடகக் கம்பெனியில் பேர் வாங்கிய பாட்டுக்காரி. காட்சி ஆரம்பித்தது. பாட்டின் முதல் வரியிலேயே அந்த அம்மாள் உணர்ச்சியில் வந்து கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். மூங்கில்தானே, கதவு மொத்தமும் கொட்டகைப் படல் மாதிரி ஆடியது. உள்ளே ஆர்மோனியக்காரர் சிரித்துவிட்டார். “கட்!” மறுபடி எடுத்தார்கள். மறுபடி பிடித்தார், மறுபடி ஆடியது. பிலிம் வீணாகிறது. பாபு என் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“மிஸ்திரி! இது ஜெயிலா, கோழிக்கூடா?”

அத்தனை பேர் சிரித்தார்கள். லைட்டுப் பிடிக்கிறவன்கூடச் சிரித்தான். நடிகையிடம் போனேன்.

“அம்மா, கம்பியைத் தொடாதீங்க.”

“அப்புறம் கையை வச்சிக்கிட்டு நான் என்னய்யா செய்யறது? பாட்டு பாதிக்கு மேல இருக்கு!”

“தாலியைப் பிடிங்க” என்றேன். “தாலியை எடுத்துக் கம்பிக்கு நடுவுல அவர் முகத்துக்கு நேரா நீட்டுங்க. கம்பில படாம.”

மூன்றாவது தடவை அப்படியே செய்தார். கதவு ஆடவில்லை. பாட்டு முடிந்தபோது காமிராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குத் தமிழே தெரியாது. பாபு ஓடி வந்து, “எங்கய்யா பிடிச்சே இதை?” என்று என்னைக் கட்டிக்கொண்டார். அந்தக் காட்சியைத்தான் பாட்டுப் புத்தகத்தின் அட்டையில் அச்சடித்தார்கள். சுவரொட்டியும் அதுதான். கம்பிக்கு நடுவில் ஒரு கை, கையில் தாலி. ஆடுகிற கதவுக்கு நான் கொடுத்த முட்டு அது. அதற்குள் ஒரு மனுஷியின் மானம் இருக்கிறது என்று அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்காமல் இருக்கப் பார்த்தேன் என்பதுதான் சரி.

இதற்கு மேல் நான் செய்ததுதான் எனக்கே விளங்காத விஷயம். படம் இங்கே ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாக வந்தது. இலவசச் சீட்டு இரண்டு எனக்குக் கொடுத்தார்கள். ஒன்றை நானே எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் நீட்டினேன்.

“யக்கா, நான் போட்ட சிறையை வந்து பாருங்க. அசலுக்கு வித்தியாசம் தெரியாது.”

“நமக்கு எதுக்குல பயாஸ்கோப்பு?”

“நான் போட்டது யக்கா. எனக்காவ.”

எனக்காக என்றதும் வந்தார். வெள்ளைப் புடவையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, பெண்களுக்கான மாடிக்குப் போனார். நான் கீழே உட்கார்ந்தேன். சிறைக் காட்சி வந்தது. கதவு தெரிந்ததும் நான் பக்கத்தில் இருந்தவரைத் தட்டி, “நான் செஞ்சது” என்றேன். அவர் பேசாதே என்று கையைக் காட்டினார். தாலி நீண்டபோது மாடியிலிருந்து விசும்பல் சத்தம் வந்தது. எத்தனையோ பெண்கள் சேர்ந்து அழுகிற சத்தம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

காட்சி விட்டதும் மாடிப்படிக்குக் கீழே நின்றேன். அக்கா மெதுவாக இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள், அவர் யாரென்று தெரியாதவர்கள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசி வந்தார்கள்.

“என்ன இருந்தாலும் அவ செஞ்சது தப்புதான். தன் தாலிக்காக அந்த மனுஷன் மானத்தை வாங்கிட்டாளே!”

“சண்டாளி. அவளாலதானே அத்தனை கூலிக்காரனும் நடுத்தெருவுல நின்னான்.”

அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி, அவர்களுக்கு வழி விட்டார்.

டிராம் நிற்கும் இடம் வரைக்கும் நடந்தோம். பிறகு அக்கா சொன்னார்:

“கதவு நல்லா செஞ்சிருக்க.”

“ஆமாக்கா.”

“கட்டம் போட்ட துண்டுகூட விடாம வச்சிருக்காக. அது உனக்கும் எனக்கும்தானல தெரியும்.”

நான் டிராம் வருகிறதா என்று பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

“எல்லாம் இருந்திச்சு. கம்பிப் பக்கத்துல நீ நின்ன எடத்துலதான் ஒருத்தரையும் காணும்.”

“படத்துல எல்லாத்தையும் காட்ட முடியாதுல்லாக்கா” என்றேன். அதைச் சொன்ன என் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. டிராம் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். நான் நடந்தே வீட்டுக்குப் போனேன்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு ஒரு பெரிய உத்தியோகஸ்தர் வீட்டில் புதுக் கொலுப்படி நான்தான் செய்தேன். ஒரு படி லேசாக ஆடுகிறது என்று ஆள் அனுப்பினார்கள். சாயங்காலம் போய், படிக்குக் கீழே படுத்து ஆப்பு வைத்துக்கொண்டிருந்தேன். மேலே பெண்கள் பாட ஆரம்பித்திருந்தார்கள். அந்த வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு அக்காதான் பாடம் சொன்னவர். பாடம் கேட்ட பிள்ளைகளின் பிடிவாதத்தில் அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். விதவை என்று ஓரமாக, கதவுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். புதுசாக வந்த ஒரு பெண் கேட்டாள்:

“ஏன் மாமி, நீங்கதானாமே அது? அந்த ஜெயில் பாட்டை நீங்களே பாடுங்களேன். நிஜமாப் பாடினவா வாயால கேக்கலாம்!”

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். பாட்டெல்லாம் தனக்கு வராது என்று அக்கா சொன்னார். “பாடினதாலதானே அவர் கையெழுத்தே போட்டார்?” என்று இன்னொரு குரல். மறுபடி சிரிப்பு.

நான் படிக்கு அடியில் இருந்தேன். கையில் சுத்தியல். வெளியே வந்து நின்று, அம்மா, அது நடக்கவே இல்லை, நான் பார்த்தவன் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியதுதான். வீடு கட்டத் தெரிந்தவன், கோபுரம் கட்டத் தெரிந்தவன், நாலு பாஷை பேசத் தெரிந்தவன். ஆப்பை இன்னும் இரண்டு தட்டுத் தட்டினேன். படி ஆட்டம் நின்றுவிட்டது. பின்வாசல் வழியாகப் போனேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகளை அக்காவின் பாடத்திலிருந்து நிறுத்திக்கொண்டார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. மறுவருஷம் அக்கா ஊருக்கே போய்விடுவதென்று தீர்மானித்தார். நான் ஒரு பெட்டி செய்துகொடுத்தேன், தேக்கில், மூலைக்குப் பித்தளை போட்டு. ஹவுராவில் நான்தான் ஏற்றிவிட்டேன். சொல்லிவிட வேண்டும், காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும் என்று போனவன், பெட்டியின் கீலைப் பற்றியும் பூட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். அவர் மூடியைத் திறந்து மூடிப் பார்த்தார்.

“மூடி நல்லா பதியுதுல. நீ செஞ்சா எதுவும் ஆடாது” என்றார்.

குத்திச் சொன்னாரா, மனசாரச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வண்டி போய்விட்டது. மூன்று வருஷம் கழித்து, அவர் தம்பி எழுதிய கார்டு வந்தது. அதில் அக்கா காலமான தகவல் மட்டும் இருந்தது, வேறொன்றும் இல்லை.

வெளியே சொல்லாதே என்று அவர் கேட்டதை இப்போது மீறுகிறேன் என்பது தெரியும். தலைவர் முகத்தைக் காக்க அந்த அம்மாள் பட்டது போதும். உண்மையைச் சொன்னால் தலைவர் ஒன்றும் குறைந்துபோக மாட்டார். இழுப்பு நோய்க்காரர், தனியாக அடைபட்டுக் கிடந்தவர், பயந்தார். பயப்படாதவன் யார்? படிக்கு அடியில் படுத்திருந்த நான் அதைச் சொல்லலாம்.

ஆகவே காரியதரிசி அவர்களுக்கும் விழாக் குழுவினருக்கும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தமாஷாக எழுதச் சொன்னீர்கள், எனக்கு வரவில்லை. ஆனால் ஸ்லைடில் என் பெயர் வர வேண்டும், பெரிய எழுத்தில் வர வேண்டும். ‘சிறைக் காட்சி அமைப்பு’ என்று மட்டும் போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன், அது பாதி வேலைக்குத்தான் பேர். கதவைச் செய்ததும் இவர், கதவுக்கு முன்னால் அந்த அம்மாளை அழவைத்துத் தாலியை நீட்ட வைத்ததும் இவர் என்று போடுங்கள். நடந்தது அது அல்ல, அந்த அம்மாள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள் என்றுதான் சொன்னார், இவர் பக்கத்தில் நின்று கேட்டார் என்றும் போடுங்கள். ஒரு ஸ்லைடில் இடம் போதாதென்றால் இரண்டு போடுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக யாராவது சத்தமாகப் படியுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நானே மேடையேறிச் சொல்கிறேன், அந்த மேடை என்னைத் தாங்கும். என் பெயரை இப்படிப் போடாமல் அந்தப் படத்தை ஓட்டாதீர்கள்.